பஞ்சவர்ணத்தின் ரங்கூன் மல்லி

அரியலூர்,
3.9.79

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நான் சுகம். பால்வாடி வேலைக்கென்று கோபித்துக்கொண்டு எறையூர் போனவளிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை. அங்கே உன் சுகம் எப்படி?

நீ வைத்த ரங்கூன் மல்லி பந்தலை மூடி ஓட்டின் மேல் ஏறிவிட்டது. தெருமுனையிலேயே வாசம் ஆளை இழுக்கிறது. இந்தச் சிமெண்ட் தூசியில் இப்படி ஒரு கொடியா என்று சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள். என்ன கைராசியடி உனக்கு.

ஒரே கவலை. சாயங்காலம் வெள்ளையாகப் பூப்பது மறுநாள் சிவந்துவிடுகிறது. கருகுகிறது என்று சிவந்ததை எல்லாம் தினமும் கிள்ளிப் போடுகிறேன். மருந்து அடிக்கலாமா?

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. வேலையை விட்டுவிட்டு வா. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல திங்கிறான்" என்று நாலு பேர் பேசுவதை என்னால் கேட்க முடியாது.

உன்,
அரியமுத்து

எறையூர்,
9.9.79

திரு. அரியமுத்து அவர்களுக்கு,

வணக்கம். முதலில் கிள்ளுவதை நிறுத்துங்கள். அது சீக்கு இல்லை, அந்தப் பூவின் குணமே அதுதான். வெள்ளையாக விரிந்து, ரோஸாகி, பிறகு சிவக்கும். மூன்று நிறமும் ஒரே கொத்தில் தொங்கினால்தான் அழகு. கோபமாக இருக்கிறேன் என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன்.

வேலையை விட மாட்டேன். இங்கே பிள்ளைகள் "டீச்சர்" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகின்றன. பார்க்கத் தோன்றினால் நீங்கள் வாருங்கள். வரும்போது அந்தக் கொடியில் ஒரு கன்று கொண்டுவந்தால் பால்வாடி வாசலில் வைப்பேன். குச்சியை ஒடித்து நட்டால் காய்ந்துபோகும். தாழ்ந்த கிளையை வெட்டாமல் வளைத்து, நடுவில் மண் போட்டு, செங்கல் வையுங்கள். வேர் விட்ட பிறகு அறுத்து எடுக்கலாம்.

பஞ்சவர்ணம்

அரியலூர்,
10.11.79

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நீ சொன்னபடி வளைத்துப் போட்ட பதியன் வேர் பிடித்துவிட்டது. பொறுமையில்லாமல் செங்கலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், அப்படியும் பிழைத்துக்கொண்டது. கிள்ளாமல் விட்டதும் கொடி பூத்திருக்கிற அழகை நீ பார்க்க வேண்டும். இலையே தெரியவில்லை.

போன மாதம் உன்னிடம் சொல்லாமல் எறையூர் வந்தேன். பால்வாடி வேலிக்கு வெளியே நின்றேன். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றதுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. உன்னைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. நேராகச் சர்க்கரை ஆலைக்குப் போய் ஃபிட்டர் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று ஆர்டர் வந்தது. கரும்பு அரவை தொடங்கும்போது சேரச் சொல்கிறார்கள். நான் வரலாமா?

உன்,
அரியமுத்து

எறையூர்,
15.11.79

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். செய்தியைச் சொன்னதிலிருந்து பால்வாடி ஆயா குஞ்சம்மாள், "டீச்சரு வூட்டுக்காரரு எப்ப வராருங்க?" என்று துளைத்தெடுக்கிறாள்.

இந்த ஊரில் உங்களுக்கு அந்தப் பெயர்தான். ஆலையில் என்ன வேலை பார்த்தாலும் கடைத்தெருவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது உறுத்தும் என்றால் வராதீர்கள். வந்தபிறகு என்னை வேலையை விடச் சொன்னால் தாங்கமாட்டேன். உறுத்தாது என்றால் சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
பஞ்சவர்ணம்

அரியலூர்,
19.11.79

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். நீ பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டாம். "டீச்சர் வூடு எதுங்க? நான் அவங்க வூட்டுக்காரன்" என்று கடைக்குக் கடை நானே கேட்டுக்கொண்டு வருகிறேன்.

அரியமுத்து