படுக்கப் போட்டு எழுப்பிய வண்டி

மாப்ளே,

இன்று காலை நம் முதலமடை மாங்காய்க் கொட்டகை முழுக்கப் பெட்ரோல் வாடை. மலையில் எஸ்டேட் கம்பவுண்டராக இருக்கும் ஒருவர், துரை விற்கப்போகும் பழைய மோட்டார் சைக்கிளை என்னிடம் காட்ட வந்திருந்தார். ஓட்டி வந்தவன் அவருடைய மச்சான். கம்பவுண்டர் என்னைவிடக் குள்ளம். குள்ளமாய் இருந்துகொண்டு கனத்த வண்டியில் மலை ஏறி இறங்கியவன் நான்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, காலு எட்ட மாட்டேங்கு. வாங்கலாமா, வேண்டாமா?"

வண்டியைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னேன். மூடியோரம் பெட்ரோல் கசிந்து மண்ணில் ஊறியது. அந்த வாடையில் என் நினைவில் நீ வந்து நின்றாய்.

தலைச்சுமையாய் வெல்லம் விற்ற நான், மறையூர் வெல்லத்தை மொத்தமாய் எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பஸ்ஸை நம்பினால் நல்ல சரக்கு அடுத்தவன் கைக்குப் போய்விடும். சீமைக்குத் திரும்பும் ஒரு துரையின் வண்டி விலைக்கு வருகிறது என்றதும், மாட்டுத் தரகனான உன்னைத்தான் கூட்டிப்போனேன். எஞ்சினைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. விற்கிறவன் எதை மறைக்கிறான் என்று மட்டும் தெரியும்.

ஏறி உட்கார்ந்தேன். பெருவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. நீ சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, எருமை மேல கூஜாவ வெச்சாப்ல இருக்குது" என்றாய். துரையின் பட்லர் சிரித்துவிட்டார். "சீட்டுக்குள்ள இருக்கற பஞ்சை எடுத்தா கொஞ்சம் எறங்குமுங்க. ஸ்டாண்டு போட்டுட்டு மிதிச்சா ஸ்டார்ட் ஆயிருமுங்க" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

நீ விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். இதப் படுக்கப் போட்டு எழுப்பிப் பாக்கோணும்."

"ஐயோ, துரை பாத்தா என்ற சோலி போச்சுங்க."

"படுத்த மாட்டை எழுப்பிப் பாக்காம எவனாச்சும் வாங்குவானாப்பா?"

படுக்கப் போட்டோம். நான் தூக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. மறுபடி தம் பிடித்தேன், வரவில்லை. அப்போது நீ குனிந்தாய். உன் நெடிய கைகளுக்கு அது கன்றுக்குட்டி மாதிரி எழுந்து நின்றது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "உடு மாப்ளே, நான் இருக்கறன்ல."

விலை முடிந்தது. வாலை முறுக்கித் தரகன் எழுப்பிவிட்ட மாடு, எழுந்த மாடு ஆகாது. சந்தைக்குப் போகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். அன்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

அப்புறம் எல்லாம் பழகியது. நிறுத்தும்போது மேடான பக்கமாய்ப் பார்த்து ஒரு காலை ஊன்றினால் போதும், இரண்டு காலும் எட்ட வேண்டியதில்லை என்று கற்றேன். சுமையை மேலே அடுக்காமல் சக்கரத்தின் இருபுறமும் தாழக் கட்டினேன். எப்போதாவது சாய்ந்தால் பின்னால் நீ இருந்தாய். விழுந்த வண்டியைத் தூக்க மட்டும் நான் கற்கவே இல்லை.

மறையூர் ஆலைக் கொட்டகையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. பாகு கொதிக்கும் அடுப்புப் பக்கத்தில், சாக்குகளைப் போர்த்திக்கொண்டும் நடுங்கினாய். மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரியில்தான் டாக்டர். நான் வண்டியை எடுத்தபோது பல் கிட்டிக்கக் கேலி செய்தாய்: "எங்கியும் சாச்சுப்போடாதே. இன்னைக்கு நான் பின்னால இல்ல."

பாதி ஏற்றத்தில் எதிரே கட்டை வண்டி வந்தது. வழிவிட்டு ஓரம் கட்டினேன். மேட்டுப் பக்கம் வண்டிக்காரன் போகிறான். பள்ளத்துப் பக்கம் காலை நீட்டினேன், தரை இல்லை. மெதுவாகத்தான் சாய்ந்தது. எழுந்து தூக்கினேன். முழங்கால் வரை வந்தது, அவ்வளவுதான். கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டை வண்டி வளைவு திரும்பிவிட்டது, சக்கரச் சத்தத்தில் என் குரல் அவனுக்கு எட்டவில்லை. மரக்கிளையை ஒடித்து நெம்பினேன், கிளை முறிந்தது. எத்தனையோ பேரைப் பேசி மடக்கியவன், ஒரு இரும்பின் முன்னால் நின்று அழுதேன். பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டு ஏற்றத்தில் ஓடினேன்.

டாக்டரோடு திரும்பியபோது, எப்போதும்போல உன் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாலும் நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா, தெரியவில்லை. எந்தச் சரக்கையும் எடை போட்டுவிடுவேன். இந்த வார்த்தையை இன்றுவரை எடை போட முடியவில்லை.

இன்று கம்பவுண்டர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தூக்கினார். முதுகை வண்டிக்குக் கொடுத்து, குந்தி, காலால் உந்தியும் பார்த்தார். முழங்கால் வரைதான் வந்தது. என்னைக் கோபமாகப் பார்த்தார். "என்னைக்கோ ஒரு நாள் விழப்போறதுக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?"

"வேண்டாமுங்க. இதைவிடச் சின்ன வண்டியாப் பாருங்க" என்றேன்.

மச்சான் சிரித்துக்கொண்டே குனிந்தான். உன்னைப் போலவே நெட்டை. "விடுங்க அத்தான், நான் இருக்கேம்லா."

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பிடி இறுகிவிட்டது போலிருக்கிறது, அவன் முகம் சுளித்தான். எனக்கு விட மனம் வரவில்லை, மாப்ளே.