கரிசலில் இறக்கிய ஜீப்

நவம்பர் 3

குருமடத்து ஜீப்பை இன்று டிரைவர் நானே சரி பண்ணினேன். கோவில்பட்டியில் மூன்று மெக்கானிக் கைவிட்ட வண்டி. நாலு பேர் என்றும் சொல்லலாம். சாமியாருக்குப் படிக்கிற பிரதர் சவரியான் வாய் பிளந்து பார்த்தான். கடற்கரை ஊர்க்காரன். "மழை பெஞ்சா கரிசல்ல வண்டி போகுமா அண்ணாச்சி?"

"இடுப்பளவு சேத்துல விளாத்திகுளம் வரைக்கும் ஓட்டுனவன்லா நான்."

ஓட்டிப் பழகச் சாவியும் கொடுத்தேன்.

நவம்பர் 5

நேற்று ராவெல்லாம் மழை. பிரதர் ஜீப்பைப் பக்கத்து விவசாயி சொர்ணத்தாயின் காட்டில் இறக்கி, அச்சுவரை புதைத்துவிட்டான். டிராக்டர் வந்து இழுத்தது. முளைத்த உளுந்து நாசம். சாவி எப்படிப் போனது என்று குருமடத்து அதிபர் சாமி கேட்டார்.

"ஆணியில தொங்குச்சு சாமி. எவன் எடுத்தானோ" என்றேன்.

பிரதர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் எடுத்தேன் சாமி."

அனுமதியில்லாமல் வண்டியைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்புவது இங்கே சட்டம். ஆறு வருசப் படிப்பு போச்சு.

நவம்பர் 6

அனுப்பவில்லை. பத்து நாள் சொர்ணத்தாய் காட்டில் மறுபடி விதைக்க வேண்டுமாம். 17ஆம் தேதி சாமிமார் கூடி முடிவு சொல்வார்களாம். கேட்டால், இரக்கமாம். தூ. நான் வேலை பார்த்த மில்லில் ஐந்து நிமிசம் பிந்தினால் கேட்டைச் சாத்துவான். நானே நாற்பது பேரை விரட்டியிருக்கிறேன். இப்படித் தடவிக் கொடுத்து வளர்த்தால் நாளைக்கு இவன் எந்தச் சனத்தை அதட்டுவான்?

நவம்பர் 9

பெண்டாட்டி செண்பகவல்லியிடம் அன்றைக்கே பெருமையடித்தது தப்பு.

"நீங்கதான சாவியக் கொடுத்திய? அந்தப் பிள்ள இன்னும் ஒங்க பேரச் சொல்லலையே. வெக்கமா இல்லையா?"

சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம்.

நவம்பர் 13

காட்டு வழியே போனேன். குனிந்து விதைத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் கொப்புளம். என்னைக் கண்டதும் சிரிக்கிறான், மடையன்.

நவம்பர் 16

நாளைக்குக் கூட்டம். அதிபர் அறைக்குப் போனேன். ஏன் போனேன்?

"சாமி, சாவிய நான்தான் கொடுத்தேன். சேத்துல போகும்னு சொன்னதும் நான்தான்."

"தெரியும் அண்ணாச்சி. அந்த ஆணி விழுந்து ஒரு மாசமாச்சு. சாவி ஒங்க சட்டப்பையிலதான கெடக்கு."

"பின்ன ஏன் அன்னைக்கே கேக்கல?"

"நீங்களே வருவியன்னு இருந்தேன்."

திட்டவாவது செய்திருக்கலாம். என்ன மனுசன் இவர்.

நவம்பர் 18

பிரதர் இருக்கிறான். நானும் இருக்கிறேன். ஒருத்தனையும் விரட்டத் தெரியாத மடம், எங்கே உருப்பட.

காலையில் அதிபர் அனுமதியோடு அவனுக்குக் கிளட்ச் சொல்லிக் கொடுத்தேன். மழை பெய்தால் கரிசலில் இறக்காதே என்றேன்.

"நீங்க விளாத்திகுளம் வரைக்கும்..." என்று ஆரம்பித்தான்.

நான் ஒரு தடவைகூட இறக்கியதில்லை என்றேன்.