சிதம்பரம் எங்கையும் ஓடாது

7 ஆகஸ்ட், வியாழன். தஞ்சாவூர்

இன்றும் சிதம்பரம் இல்லை. காலையில் புகுந்த சீலைக் கடையை விட்டு வெளியே வரும்போது பொழுது பட்டுவிட்டது. நிரோஜாவின் தங்கைக்குக் கல்யாணக் கூறை எடுக்க வேண்டும், சரி. அது திருச்சியிலேயே எடுத்தாயிற்றே! இன்றைக்கு எடுத்தது கூறைக்குத் தோதாக இன்னொன்று, பிறகு அதற்குத் தோதாக மற்றொன்று.

காங்கேசன்துறையில் கப்பல் ஏறும்போதே தெளிவாகச் சொன்னேன். நாகபட்டினத்தில் இறங்கியதும் முதலில் சிதம்பரம், பிறகு கார் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று. போன வருடம் அப்பாவின் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்த அன்று நான் வைத்த நேர்த்தி. அதை இழுத்தடிக்கிறோமே என்று அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயப்படுகிறார்.

நிரோஜாவின் பதில்: "சிதம்பரம் எங்கையும் ஓடாதடி. ஆடித் தள்ளுபடிதான் ஓடிப்போயிடும்."

றோஸ் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளுக்கென்ன, வேளாங்கண்ணி முதல் நாளே முடிந்தது.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் மூவரும் ஒன்றாகப் போவோம் என்று ஆசைப்பட்டவளும் நான்தான். எனக்கு நல்லா வேண்டும்.

8 ஆகஸ்ட், வெள்ளி. கும்பகோணம்

பாத்திரக் கடை. நிரோஜா ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதைக் கப்பலில் யார் மடியில் வைப்பது?

பிறகு நடந்தது விளங்கவில்லை. அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. வெளியே போய் நெடுநேரம் கதைத்தாள். திரும்பி வந்து, விளக்கு வேண்டாம் என்றாள். "நாளைக்கு விடிய வெள்ளன சிதம்பரம். வேறை ஒரு இடமும் இல்லை."

இன்றைக்காவது புத்தி வந்ததே.

ஆனால் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. இந்திய சிம் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது; நானும் றோசும் அவளுடைய இணைப்பில்தான் கதைப்பது. கேட்டால், "டேட்டா முடிஞ்சுது" என்கிறாள். சீலை வாங்க இருக்கிற மனம் டேட்டா போட இல்லை.

9 ஆகஸ்ட், சனி. காலை, சிதம்பரம் போகும் வழி

பயணத்தின் கடைசி நாள். நாளை கப்பல். நேர்த்தி நிறைவேறப்போகிறது, சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை.

றோஸ் முன் இருக்கையில் இருந்து செபமாலை உருட்டுகிறாள். வழியில் டேட்டா போடும் கடை இருந்தது. நிறுத்தச் சொன்னேன். "பிந்திப்போயிடும், நடை சாத்திடுவினம்" என்று நிரோஜா சாரதியை விரட்டினாள். மூன்று நாளாகப் பிந்தாதது இன்றைக்குப் பிந்துகிறதாம். சரியான தலைக்கனம் பிடித்தவள்.

அதே நாள், பின்னேரம். நாகபட்டினம்

பெரியப்பா இல்லை.

கோயிலில் முதலில் அப்பாவின் பெயருக்கு அர்ச்சனை. அடுத்து பெரியப்பா. வெளிக்கிடும்போது வாசல் படலையடிவரை இருமிக்கொண்டு வந்து கேட்டவர்: "பிள்ளை, என்ரை பேருக்கும் ஒண்டு செய்துகொண்டு வா." சண்முகநாதன், சித்திரை நட்சத்திரம் என்று தீட்சிதரிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற நிரோஜா விம்மி விம்மி அழுதாள். இதென்ன புதுப் பக்தி என்று எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல்!

வெளியே வந்து செருப்புப் போடும்போது சொன்னாள். "பெரியப்பா நேற்று மோசம் போயிட்டார், வித்தியா. உன்ரை அம்மாதான் கோல் எடுத்துச் சொன்னவ. கேள்விப்பட்டால் உனக்குத் துடக்கு, பிறகு கோயிலுக்குள்ளை போகேலாது. கும்பிட்டு முடியட்டும், அதுக்குப் பிறகு சொல்லு எண்டவ."

கேள்விப்பட்டால்தான் துடக்கோ, தீட்டோ? கடவுளுக்கும் டேட்டா இல்லையோ?

இன்று காலைக் கப்பலுக்கு டிக்கெட்டை மாற்றியிருக்கலாம். மத்தியானம் மானிப்பாய் வீட்டிலை நிண்டிருப்பன். பின்னேரம்தான் பிரேதம் எடுத்தவையாம். முகத்தைப் பாத்திருப்பன். ஒரே வளவுக்குள்ளை வளந்தனான், நான் பாக்கவேண்டாமோ? முதல் நாளே சிதம்பரம் போயிருந்தால் இந்தப் பொய்யே தேவைப்பட்டிருக்காது. தள்ளுபடி. நாசமாய்ப் போன தள்ளுபடி.

"எனக்குச் சொல்லத்தான் விருப்பம். இவள் விடேல்லை" என்கிறாள் றோஸ். அவளோடும் கதைக்கவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

காங்கேசன்துறை. சுங்கத்தில் நிரோஜாவின் சீலைப் பொதியைக் கிண்டினார்கள். நான் அவளுக்காக நிற்கவில்லை.

வீட்டில் பந்தல் இன்னும் கழற்றவில்லை. அம்மாவிடம், "ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கத்தினேன். "கொப்பருக்காகத்தான். அவருக்கு வைச்ச நேர்த்தி தப்பக்கூடாது" என்றா. அப்பாவிடம் விபூதிப் பொட்டலத்தை நீட்டினேன். கை நீட்டியவர் உடனே இழுத்துக்கொண்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை துடக்கு வீட்டில் பிரசாதம் தொடக்கூடாது. யாருக்காகக் கொண்டு வந்தேனோ அவர் தொட முடியாது!

பொட்டலம் றோஸ் வீட்டுக்குப் போயிற்று. மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம்.

19 ஆகஸ்ட்

நிரோஜா இன்றும் எங்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தாள். நான் அறைக்குள் இருந்துகொண்டேன்.

26 ஆகஸ்ட்

இன்றும் நிரோஜாவின் சாப்பாடுதான். கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கூடிவிட்டது.

7 செப்டெம்பர், ஞாயிறு

அந்தியேட்டி. கீரிமலையில் கிரியை முடித்து வந்து வீடு கழுவினோம். றோஸ் பொட்டலத்தைக் கொண்டுவந்து தந்தாள். அப்பா நெற்றி நிறைய அள்ளிப் பூசினார். பூசிவிட்டு அழுதார்.

பெரியம்மா கேட்டா: "இவரின்ரை பேருக்கும் செய்தனியோ, பிள்ளை?"

"ஓம், பெரியம்மா."

"எத்தினை மணி போலை?"

"நடுப்பகல் பூசை நேரம்."

"அப்ப இஞ்சை சுண்ணம் இடிச்ச நேரம்" என்று சொல்லி, ஒரு கிள்ளு விபூதியை அவருடைய படத்தில் பூசினா. பிரேதம் எடுக்கமுன் சுண்ணம் இடிக்கும் உரலடியில் இங்கே எல்லாரும் நின்று அழுதபோது அங்கே அவர் பெயர் சொல்லப்பட்டது என்று வந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா. அவவுக்கு அது பெரிய ஆறுதல். எனக்கு இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துத்தானே நான் கும்பிட்டேன், நீண்ட ஆயுள் என்றுதானே கேட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எச்சில் இலை போடப் போனேன். படலைக்கு வெளியே நிரோஜா நின்றாள். ஒரு மாதமாகப் பின்பக்கத்தால் வந்து சட்டியை வைத்துவிட்டுப் போனவள், இன்றைக்கு உள்ளே வரப் பயந்து நிற்கிறாள். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்னும் இருக்கிறது. என்றாலும் படலையைத் திறந்தேன்.

"இப்ப டேட்டா இருக்கோ?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கு" என்றாள்.

"அப்ப உள்ளை வந்து சாப்பிடு."