இரண்டாவது இழுப்பு

நேற்று நஞ்சன்கூடு பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெண் இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். அந்தப் 'புஸ்' சத்தத்தில் உன் முகம் வந்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நீ எல்லையோரக் கௌதள்ளிக்காரன், நான் பக்கத்து ஊர். மைசூரில் இருவருக்கும் ஒரே அறை. நஞ்சன்கூட்டில் ஒரே கம்பெனியில் ஒப்பந்த வேலை. மூட்டை கட்டும் இடத்துத் தூசி எனக்குத் தும்மலோடு போயிற்று. உனக்கு நெஞ்சில் தங்கிவிட்டது.

வாடகையும் சாப்பாடும் போக, வீட்டுக்கும் அனுப்பிய பிறகு உன் கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதில் நீ வாங்கியவை இரண்டே: இன்ஹேலர், போன் ரீசார்ஜ். உன் மகளுக்குக் காது கேட்காது. கைச்சைகைதான் அவள் பேச்சு. வீடியோவில் பார்த்தால்தான் நீங்கள் பேசிக்கொள்ள முடியும்.

டாக்டர் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை இழுக்கச் சொல்லியிருந்தார். நீ ஒன்றோடு நிறுத்திக்கொண்டாய். நான் திட்டினேன்.

"மொத இழுப்புல உசுரு திரும்புது மாப்ளே. ரெண்டாவதுல நல்லாத் தூக்கம் வரும், அவ்வளவுதான். அந்தத் தூக்கத்த வித்துத்தான் பாப்பா மூஞ்சியப் பாக்கறேன்" என்றாய்.

"நான் வாங்கித் தர்றேன்டா."

"உன்ற ஊட்ல மட்டும் கொட்டியா கெடக்குது?"

பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும்தான். வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

பிறகு ரீசார்ஜ் விலை ஏறியது. பேச்சைக் குறைப்பாய் என்று நினைத்தேன். நீ காலை இழுப்பையே விட்டுவிட்டாய். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, இரண்டு கைகளாலும் அவளுக்குக் கதை சொல்வாய். உன் நெஞ்சின் விசில் அறை முழுக்கக் கேட்கும். அவளுக்கு மட்டும் கேட்காது.

மார்கழிப் பனியில் ஒரு காலை, பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில் சுருண்டு விழுந்தாய். உன் சட்டைப் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து அழுத்தினேன். காலி. உன்னை ஒரு ஆட்டோவில் ஏற்றினேன். "உசிரு இதெயா?", மூச்சு இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே ஆட்டோக்காரர் வண்டியை விரட்டினார். உன்னால் பேச முடியவில்லை. என் முகத்துக்கு நேரே கையைத் தூக்கி, ஒரே சைகையைத் திரும்பத் திரும்பக் காட்டினாய். எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வருமுன் கை மடியில் விழுந்துவிட்டது.

காரியம் முடிந்த அன்று, உன் மனைவியிடம் அந்தச் சைகையைச் செய்து காட்டினேன். அவர் பதில் சொல்வதற்குள் பாப்பா எழுந்து போனாள். அம்மாவின் போனை எடுத்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பறமாக் கூப்பிடறேன்னு அர்த்தமுங்ணா. பேசி முடிக்கையில எப்பவும் காட்டுவாரு" என்றார் உன் மனைவி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூப்பிடுகிறேன். கொஞ்சம் கற்றுக்கொண்டேன். என் கை தடுமாறும். அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள். முடிக்கும்போது அந்த ஒரு சைகைக்கு மட்டும் என் கை எழுவதில்லை. அவள் காத்திருப்பாள். நான் போனை அணைத்துவிடுகிறேன்.