சுருட்டையர்

கார்த்திகை 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குசினிக் கூரையில் ஓடு விலகி, அடுப்படி முழுக்க ஈரம்.

வாங்க: மண்ணெண்ணெய் (கிடைத்தால்), யன்னலுக்கு ஒட்டக் கறுப்புக் கடதாசி (வெளிச்சம் வெளியே தெரிந்தால் வெள்ளைக்காரன் தண்டம் போடுகிறான்), தேங்காயெண்ணெய். என் தலைமயிர் இந்த ஈரத்துக்குப் படிய மாட்டேன் என்கிறது, சனியன்.

தங்கச்சி கமலாவுக்குப் பேசிய யாழ். சம்பந்தம் அசைகிறது. ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு குழம்பியாயிற்று. இதுவும் போனால் அவளும் என்னைப் போலத்தான், கலியாணமில்லாமல் பள்ளிக்கூடத்தில் சோக்கட்டியும் பிரம்பும்.

அண்ணன் வாய் சும்மா கிடக்காது. அம்மாவின் பூட்டன் பட்டாளத்தில் சுருட்டைப் பல்லில் கடித்தபடியே கோட்டை மதிலேறி மகாராணியின் மெடல் வாங்கியவர் என்று அளந்துவிட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் புளுகம், வாயெல்லாம் பல்லாம். ஆனால் ஒரு கேள்வி: பூட்டனுக்கு எந்த ஊர், யார் ஆட்கள்?

எங்களுக்கே தெரியாது. மெடல் அலுமாரியில் இருக்கிறது. சித்திரையில் எதிரி விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட, மூதூருக்கு ஓடியபோதும் அம்மா முதலில் எடுத்தது அதைத்தான். விளிம்பில் பெயர் வெட்டியிருந்ததாம். புளி போட்டு மினுக்கி மினுக்கி எழுத்தெல்லாம் போய்விட்டது. ஊரில் எங்களுக்குச் ‘சுருட்டையர் வீட்டார்’ என்று பெயர். சுருட்டுப் பிடித்தவர், அதனால் சுருட்டையர். படையலுக்கு அவருக்கு ஒரு சுருட்டு வைப்போம்.

அண்ணன்: நீதானே ரீச்சர், போய் விசாரி.

கார்த்திகை 4, புதன்

மழை விட்டது. வீதி முழுக்க நேவி லொறி, சேறு. சேலைக் கரை பாழ்.

கோயிலடிக் கிழவர் மெடல் என்றதும், பாலையூற்றில் மார்த்தா மிஸ்ஸியிடம் கேள் என்றார். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். காப்பிலி ஆள். முந்தி வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கென்று ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களின் வழி. அவருக்கும் எங்கள் பூட்டனுக்கும் என்ன என்று யோசித்துக்கொண்டே போனேன். யோசித்திருக்கத் தேவையில்லை.

மிஸ்ஸி வீட்டுச் சுவரில் படம். வயதான சிப்பாய், நெஞ்சில் எங்கள் மெடல். கரிய முகம், தலை முழுக்கச் சுருள் சுருளாக நரை. மூக்கு அண்ணனுடையது. அப்படியே அண்ணனுடையது.

சுருட்டுக் கதையைச் சொன்னேன். மிஸ்ஸி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“சுருட்டோ? புகை மணமே ஆகாது அவருக்கு. தலைமயிர் சுருட்டை, பிள்ளை. அதாலதான் சுருட்டையர்.” பிறகு என் தலையைத் தொட்டார். “என்ர அப்பப்பாவும் உங்கட அம்மான்ர அம்மம்மாவும் ஒரு வயித்துப் பிள்ளையள். நீங்கள் ஒருநாளும் வர மாட்டியள் எண்டுதான் இருந்தனான்.”

தலையை இழுத்துக்கொண்டேன். அவர் கவனிக்காத மாதிரிக் கேக் வெட்டினார். இரண்டு துண்டு தின்றேன். வெட்கமில்லாமல் ருசியாகவும் இருந்தது. ஞாயிறு விஷயத்தையும் உளறிவிட்டு வந்தேன்.

கார்த்திகை 6, வெள்ளி

அண்ணனுக்குச் சொன்னேன். முதலில் எழுந்து யன்னலைச் சாத்தினார்.

“தஞ்சாவூர் எண்டு சொல்லு. ஆர் போய்ப் பாக்கப்போறான்?”

நான் மறுக்கவில்லை. அம்மாவுக்கும் கமலாவுக்கும் சொல்லவில்லை. நாலாம் வகுப்புக்கு இன்று பாடம்: உண்மை பேசுதல். பிள்ளைகளை வாய்க்குள் வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினேன். கமலாவுக்கும்.

கார்த்திகை 8, ஞாயிறு

தூறல். வந்தார்கள். பலகாரம் போதும் போதும் என்றே எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள். மெடல் கைமாறிக் கைமாறிப் போனது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை. கமலாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான், அவளும்.

தகப்பன் என்னைத்தான் கேட்டார். ரீச்சர் சொன்னால் சரியாயிருக்குமாம். தஞ்சாவூர் என்றேன். குரல் நடுங்கவேயில்லை.

அப்போது வாசல் படலை திறந்தது. மார்த்தா மிஸ்ஸி. நல்ல கவுண், தொப்பி, கையில் சீலையால் சுற்றிய சட்டம். அந்தப் படம். கமலாவுக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் தாய்: “ஆர் பிள்ளை இது?”

அண்ணன் நிலத்தைப் பார்த்தார். நான் சொன்னேன், மிஸ்ஸிக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்: “தெரியாது மாமி. வேற ஆரையோ தேடி வந்திருக்கிறா.”

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமியிடம், “ஓம் அம்மா, வீடு மாறி வந்திட்டன். குறை நினையாதேங்கோ” என்றார். படலையை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

மழை பெலத்தது. குடை கொண்டுபோய்க் கொடுக்க எழும்பினேன். பிறகு இருந்துவிட்டேன்.

கார்த்திகை 10, செவ்வாய்

சம்பந்தம் முற்றாகிவிட்டது. தை மாதம் கலியாணம். கமலா குசினிக்குள் பாடுகிறாள், அவள் பாடி எத்தனை காலம். அதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் எனக்கு முகமில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பாலையூற்றுப் பக்கம் நடந்தேன். தேவாலயத்தில் ஓர்கன் கேட்டது. அதோடு திரும்பிவிட்டேன். கேவலம், கேவலம்.

ஓடு இன்னும் மாற்றவில்லை.

நல்ல காரியம் கூடிவந்ததற்கு நாளை பூட்டனுக்குப் படையல். மெடலை அம்மா மறுபடி புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறார். பூட்டன்தான் நடத்தி வைத்தவர் என்று கண் கலங்குகிறார்.

“சுருட்டு வாங்கினனியோ பிள்ளை?”

ஓம் என்றேன். வாங்கித்தான் வந்திருந்தேன்.