ஊதியது என் முகமில்லை

ஞாயிறு, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. "ஷூட்டிங் நடுவுல நல்லா துன்னியாம்மா? மூஞ்சி ஊதிக்கீது" என்று போன மாதம் எடிட்டிங்கைப் பார்த்துவிட்டு டைரக்டர் போனில் சொன்னார். இன்று கொரட்டூரில், எடிட்டர் வீட்டில்தான் நான் நடித்த படத்தை முதல்முறை பார்த்தேன். ஏரிக்கரைக் காட்சிகளில் நான் நானாகவே இருந்தேன். வீட்டுக் காட்சிகளில் மட்டும் முகம் அகன்றிருந்தது. பின்னால் நின்ற சைக்கிளின் சக்கரமும் முட்டை வடிவத்தில் இருந்தது.

"அண்ணா, சைக்கிளும் நல்லா துன்னுச்சா?" என்று பக்கத்தில் இருந்த டைரக்டரிடம் கேட்டேன்.

எடிட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏரிக்கரையை எடுத்த வாடகை லென்ஸ் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியுமாம். பிறகு இழுத்து விரிக்க வேண்டுமாம். சாதாரண லென்ஸில் எடுத்த வீட்டுக் காட்சிகளையும் சேர்த்து இழுத்துவிட்டிருக்கிறார். உடனே சரிசெய்தார். என் முகம் திரும்பி வந்தது.

டைரக்டர் சிரித்தார். "லென்ஸு மிஸ்டேக்கும்மா, வுடு. இதுக்குப் போயி இன்னாத்துக்கு மொறைக்கிற?"

லென்ஸா எனக்குப் போன் பண்ணியது?

மன்னிப்பு கேட்டால்தான் நாளை டப்பிங்குக்கு வருவேன் என்று செய்தி அனுப்பிவிட்டேன். படித்துவிட்டார். இந்த ஆள் பேச்சைக் கேட்டு ஒரு மாதமாக இரவில் வெறும் மோர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறேன். சோறு மிச்சம் இருக்கிறது. குழம்பைச் சூடுபண்ணப் போகிறேன்.