முடிந்தது என்று சொன்னவள்

மார்ச் 4

அறை கிடைத்துவிட்டது. ஒன்பதாம் எண். முன்பு அச்சகமாக இருந்த கட்டடமாம், சுவரிலிருந்து இன்னும் மை வாசம் போகவில்லை. ஒரு ஜன்னல், இரண்டு மேசை, பூட்டு போட ஓர் அலமாரி. கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக வெல்டிங் மெஷின், துளை போடும் மெஷின், பைப் வளைக்கும் மெஷின். புதுசாகத் தொடங்கும் கம்பெனிகள் காலூன்றும்வரை இங்கே இருக்கலாம். ஊன்றிவிட்டால் இடத்தைக் காலி செய்து அடுத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

வாசல் பலகையில் 'தொழில் அடைகாப்பு மையம்' என்று எழுதியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார்.

"அப்போ நாம என்ன, முட்டையா?"

"நல்ல முட்டையா கூமுட்டையான்னு போகப் போகத் தெரியும்" என்றேன். படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். எவ்வளவு காலம் ஆயிற்று இப்படிச் சிரித்து.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னோம். "என் இடுப்பு ஒடிஞ்சதுல ஒரு கம்பெனி பொறக்குதுன்னா இன்னும் நாலு எலும்பை ஒடிச்சுக்கறேன்" என்றார். இவர் தன் அம்மாவை முறைத்தார். அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கடையில் வாங்கின வாக்கர் சமதரையில் மட்டும்தான் உதவும், படி வந்ததும் சண்டி மாடு மாதிரி நின்றுவிடும். இவர் அப்போது ஃபேக்டரியில் ஃபிட்டர். ஒரு மாதிரியாக யோசித்து, கைப்பிடியில் ஒரு நெம்புகோல் வைத்து, அதை அழுத்தினால் முன்கால் இரண்டும் குட்டையாகிற மாதிரி செய்தார். அத்தை அதைப் பிடித்துக்கொண்டு தானே படி ஏறி இறங்கினார். மருந்துக் கடை கவுண்ட்டரில் நின்றவள் நான். இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! 'இதை விற்போம்' என்று முதலில் சொன்னது நான்தான். இரண்டு பேரும் வேலையை விட்டாயிற்று.

மார்ச் 19

மையத்தில் ஆலோசகர் ஒரு அம்மா. எதையும் சொல்லித்தர மாட்டார், கேள்வி மட்டும் கேட்பார். எல்லா அறைக்காரர்களும் 'கேள்வி மேடம்' என்றுதான் சொல்கிறார்கள். இன்று எங்கள் முறை.

"இதை யார் வாங்குவாங்க?"

"தேவைப்படறவங்க" என்றார் அவர்.

"அவங்க எங்க இருக்காங்க? நீங்க எத்தனை பேர்கிட்ட பேசினீங்க?"

"எங்கம்மாகிட்ட."

மேடம் சிரிக்கவில்லை. வாக்கரை எடுத்துக்கொண்டு போகாமல், வெறும் கையோடு போய், படி ஏற முடியாதவர்களிடம் பேசிவிட்டு வரச் சொன்னார். இவர் முகம் சுருங்கிப்போயிற்று. நான் போகிறேன் என்றேன். எனக்கு மனிதர்களோடு பேசுவது வேலையே இல்லை, விளையாட்டு.

ஏப்ரல் 2

மையம் ஏற்பாடு செய்து ஒரு கல்லூரியின் சோதனைக்கூடத்தில் எங்கள் வாக்கரை வைத்தார்கள். மெஷின் அதை அழுத்தி அழுத்தி விடுகிறது, ஒரு கனமான ஆள் விடாமல் படி ஏறுகிற மாதிரி. மதியத்துக்குள் இடது பக்கப் பற்றவைப்பில் மயிரிழையாக ஒரு விரிசல். அத்தை மாதக்கணக்கில் ஏறி இறங்கியும் எங்களுக்குத் தெரியாத விரிசல்.

யாராவது பாதிப் படியில் இருக்கும்போது விட்டுப்போயிருந்தால்? அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, பாத்தியா, எங்க விடுதுன்னு தெரிஞ்சுபோச்சு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பஸ்ஸில் வரும்போது என் கைப்பை மேல் விரலால் படம் போட்டுக்கொண்டே வந்தார். இந்த மனிதரைத்தானே கட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். பெருமையாகத்தான்.

மே 11

வாக்கரின் முன்காலைப் பூட்டுவதற்கு இன்னொரு கொக்கி செய்திருக்கிறார். இதுவும் சத்தம் போடுகிறதாம்.

மே 27

முன்கால் நீண்டு பூட்டிக்கொள்ளும்போது 'டக்' என்கிறது. அவருக்கு அது ஆகவில்லை. நல்ல வேலைப்பாடு சத்தம் போடாது என்கிறார். விரிசல் சரியாகிவிட்டது, சோதனையில் தேறிவிட்டது, சான்றிதழும் கைக்கு வந்தாயிற்று. இந்த 'டக்' மட்டும்தான் பாக்கி. கீழ்த்தளத்தில் மெஷினுக்கு மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், இவர் கொக்கியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், கழற்றுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்கிறார். அந்த இதோவுக்கு முடிவே கிடையாது.

ஜூன் 6

மையத்தின் மூலமாக ஓர் ஆஸ்பத்திரியில் பேச வாய்ப்பு கிடைத்தது. நடைப் பயிற்சி கொடுக்கும் பிரிவு. அங்கே பயிற்சிக்காகவே கட்டின படிக்கட்டு, நான்கு படி ஏற்றம், நான்கு படி இறக்கம். ஒரு பெரியவர், பஸ் டிரைவராக இருந்தவராம், எங்கள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"டக்குன்னு ஒரு சத்தம் வருது பாருங்க, அது கேட்டாத்தான் எனக்கு தைரியம். பூட்டிக்கிச்சுன்னு குனிஞ்சு பாக்க வேணாம்."

பயிற்சி கொடுக்கும் பெண்ணும் அதையே சொன்னாள். பார்வை மங்கினவர்களுக்கு ரொம்ப வசதி என்றாள். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் காதில் விழவே இல்லை. குனிந்து கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியே செய்து கொடுங்கள், எல்லாப் பிரிவுக்கும் வேண்டும் என்கிறது ஆஸ்பத்திரி. முதல் ஆர்டர்! வெளியே வந்து, "என்னங்க, எதுவுமே சொல்லலையே" என்றேன். "இன்னும் முடியலையே" என்றார்.

ஜூன் 20

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கேள்வி மேடம் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரி காத்திருக்கிறது, நாங்கள் ஒன்றும் அனுப்பவில்லை. மேடம் குரலை உயர்த்தவில்லை.

"உங்க கம்பெனியில 'இது முடிஞ்சுது, அனுப்பலாம்'னு சொல்ற உரிமை யாருக்கு?"

"செஞ்சவனுக்கு" என்றார் அவர்.

மேடம் என் பக்கம் திரும்பினார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். 'வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்' என்று சொல்லியிருக்கலாம். அந்த டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது கண்முன்னால் வந்தது.

"எனக்கு" என்றேன்.

ஒரு சொல். அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார், யாரோ வழி சொன்னால் ஆட்டுகிற மாதிரி. நான் தப்பு பண்ணிட்டேனா? தப்புன்னா எது தப்பு — நெனச்சதா, சொன்னதா, மேடம் முன்னாடி சொன்னதா?

ஜூலை 1

வாக்கர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. 'டக்' சத்தத்தோடு.

வீட்டில் இன்று வெடித்தது. அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"உனக்கு இது கம்பெனி. எனக்கு இது எங்கம்மாவோட கால்."

அப்புறம் நான் என்னென்ன பேசினேனோ. எனக்கு மட்டும் அவங்க யாரு, நாலு மாசம் அவங்களைக் குளிப்பாட்டி விட்டது யாரு, சோறு ஊட்டினது யாரு... கேட்டுட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அத்தை உள்ளே படுத்திருக்கார், எல்லாம் கேட்டிருக்கும். செஞ்சதைச் சொல்லிக்காட்டின பொம்பளை ஆயிட்டேன்.

அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "நீ சரியாத்தான் சொல்ற. என்னால தான் முடியல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 23

வேறு ஊரில் ஒரு ஃபேக்டரியில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. என்னிடம் சொல்வதற்கு முன்னாலேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

ஜூலை 30

போய்விட்டார்.

ஆகஸ்ட் 5

அவர் அம்மாவைத் தன்னிடம் வந்துவிடச் சொன்னார். அத்தை போகவில்லை. "நான் என்ன பெட்டியா, தூக்கிட்டுப் போக" என்றார். எனக்காகத்தான் நின்றார் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18

ஆஸ்பத்திரி மறுபடி கேட்கிறது, இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியிலும் கேட்கிறார்கள். செய்ய ஆள் இல்லை. எனக்குப் பற்றவைக்கத் தெரியாது, பைப் வளைக்கத் தெரியாது. ஒன்பதாம் எண் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் மருந்துக் கடைக்கே போய்விடலாமா?

கேள்வி மேடம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கேள்வியே கேட்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு எது கையில இருக்கோ அதை மட்டும் பாப்போம்" என்றார். சட்டகத்தை வெளியே ஒரு பட்டறையில் செய்து வாங்கலாம், கொக்கியை மட்டும் நாங்கள் பொருத்தலாம் என்று ஆயிற்று. எந்தப் பட்டறை நம்பகமானது என்று மேல்மாடிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. காது கேளாதவர்களுக்காக விளக்கு எரியும் வாசல் மணி செய்கிற இரண்டு தோழிகள் அவர்கள். தங்கள் வேலையை விட்டுவிட்டு என்னோடு அந்தப் பட்டறைக்கு வந்தார்கள். மையத்தில் இருந்தே ஒரு ஃபிட்டர் பெண்ணைக் கைகாட்டிவிட்டார்கள்.

யாரும் என்னைத் தூக்கிச் சுமக்கவில்லை. விழுகிற பக்கம் வந்து நின்றார்கள். இதற்குப் பெயர்தான் அடைகாப்பது போலிருக்கிறது. சொன்னால் சிரிக்க அவர் இல்லை.

செப்டம்பர் 9

அத்தை இப்போது என்னோடு அறைக்கு வருகிறார். ஒவ்வொரு வாக்கரையும் பிடித்துக்கொண்டு அவர் ஒரு தடவை படி ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் அனுப்பக் கட்டுகிறோம். "தரம் பாக்கறவங்க" என்று தோழிகள் கூப்பிடுகிறார்கள். அத்தைக்கு ஒரே பெருமை, வெளிக்குக் காட்டிக்கொள்ளவில்லை. "ஒரு காபிக்கு இந்த வேலை செய்யறேன்னு ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்" என்கிறார்.

அக்டோபர் 12

ஞாயிற்றுக்கிழமை. அவர் தன் அம்மாவைப் போனில் கூப்பிடுகிற நாள். நான் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். துணி இல்லாவிட்டாலும் போவேன்.

நவம்பர் 21

அவர் வந்திருந்தார். கம்பெனியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி வேலை எதுவும் நகராது. மையத்தில் சிறு கம்பெனிகளுக்காக ஒரு வக்கீல் வருகிறார், பொறுமையானவர். எதெது யாருக்கு என்று விளக்கிச் சொன்னார். கொக்கியின் உரிமையை அவர் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். "வேணாம். அது கம்பெனியிலதான் இருக்கணும்" என்றார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்.

மெலிந்திருக்கிறார். சட்டைக் காலர் நைந்திருக்கிறது. 'கழட்டிக் கொடுங்க, திருப்பி வச்சுத் தைக்கிறேன்' என்று வாய் வரை வந்துவிட்டது.

வக்கீல் கிளம்பும்போது, "வேற ஏதாவது இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "இல்ல" என்றோம். கம்பெனியிலிருந்து விலகுவதற்கு வழி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

ஜனவரி 8

அறை போதவில்லை. வராந்தாவெல்லாம் எங்கள் சாமான். இப்போது பதினோரு பேர் வேலை செய்கிறோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறைக் கூடம் வாடகைக்குப் பிடித்தாயிற்று. மையத்தை விட்டு வெளியேறும் கம்பெனிகளுக்கு ஒரு சின்னக் கூட்டம் போடுவார்கள், கைதட்டுவார்கள். தட்டினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். இங்கே கிடைத்தது இடமும் மெஷினும் மட்டும் இல்லை, விழுந்தபோது பக்கத்தில் ஆள் இருந்ததுதான் என்றேன். உண்மைதான். ஒரு வார்த்தை பொய் இல்லை. முன்வரிசையில் ஒரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தார்கள், அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். அதோடு பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கேள்வி மேடம் படி வரைக்கும் கூட வந்தார்.

"அன்னைக்கு நான் அந்தக் கேள்வியக் கேட்டிருக்கக் கூடாதோ?"

"நீங்க கேக்கலைன்னாலும் பதில் அதான் மேடம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 16

அவருக்குக் காய்ச்சல் வந்து தனியாகக் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்துதான் தெரிந்தது. அத்தை அன்றெல்லாம் சாப்பிடவில்லை. இன்று நான் தலை பின்னிவிடும்போது சொன்னார்:

"நான் அவன்கிட்ட போறேம்மா."

கை நின்றுவிட்டது.

"கோவப்படாத. உன்னை விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத. அவனுக்கு யாரும் இல்ல கண்ணு. உன்னைச் சுத்தி இத்தனை பேரு இருக்காங்க."

"ஆமா அத்தை" என்றேன். பின்னலை முடித்து ரப்பர் போட்டேன். என்ன சொல்றது? இத்தனை பேர் இருக்காங்கதான். ஒருத்தர்கூட எனக்குத் தலைவலின்னா முகத்தைப் பாத்தே கண்டுபிடிக்கறவங்க இல்லையேன்னு சொல்றதா? போகாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன பாத்தியதை. பெத்தது அவரைத்தானே.

பிப்ரவரி 23

அவர் வந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ் நிலையம் வரைக்கும் நானும் போனேன். மருந்து எது எப்போது என்று அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அத்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து, முதுகுக்கு என் சால்வையை மடித்து வைத்தேன். அத்தை என் கன்னத்தைத் தடவினார். பேசினால் இறங்கிவிடுவோம் என்று பயந்திருப்பார்.

இவர் பஸ் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கம்பெனியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். பதிலைக்கூட மனதுக்குள் தயார் செய்துவிட்டேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை. அவருக்கும் தெரியும். சரி என்று ஏறிக்கொண்டார்.

பஸ் வளைவு திரும்புகிறவரைக்கும் கை ஆட்டினேன். அப்புறம் அங்கே ஒரு குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது. பத்துப் பேரும் வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள். ஃபிட்டர் பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நீட்டினாள்.

கதவைத் திறந்தேன். வேலை தொடங்கியது.